சோழர் காலத்துப் பிளாஸ்டிக் குடம்

அந்தப் புத்தகத்தைக் கோபத்தில் தூக்கி எறிந்திருக்கிறேன். எறிந்த கையாலேயே எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தும் இருக்கிறேன். இப்போதும் அது என் வீட்டில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் யாராவது எடுத்துப் புரட்டினால், நல்ல புத்தகம், படியுங்கள் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

எழுதியவர் ரேடியோக்காரர். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் ரேடியோ இருந்த வீடுகளில் எல்லாம் காலையில் அவர் குரல்தான். மாவட்டத்துக் கோயில், குளம், ஏரி, பாழடைந்த மண்டபம் என்று தினம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்வார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கருங்கல்லைப் பற்றிப் பேசினாலும் வெல்லப்பாகு மாதிரி இறங்கும். அவர் 'வணக்கம்' என்றதும், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கும் என் நைனா கையை உதறிவிட்டு 'வணக்கங்க' என்பார். பெற்ற அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எதிரே வருகிற மனிதர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வணக்கம் சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவர். வாய்த்துடுக்கு, முன்கோபம், கொஞ்சம் தற்பெருமை எல்லாம் உண்டு. அதில் பாதி எனக்கும் வந்திருக்கிறது.

எங்கள் ஊர் சாலவாக்கம் பக்கம். ஒரு ஏரி, ஒரு மதகு, அதிலிருந்து போகிற ஒரு கால்வாய். மதகுக்குப் பக்கத்துக் கழனிகள் தலைமடை. கால்வாய் போய் முடிகிற இடத்துக் கழனிகள் கடைமடை. நைனாவின் நிலம் தலைமடையில். அவருடைய ஒரே தங்கச்சியை, அதாவது என் அத்தையை, உள்ளூரிலேயே கடைமடைக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். ஏரி நிறைந்திருக்கும் வரை எல்லாரும் மாமன் மச்சான். மதகடியில் ஒரு கல் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால், இனிமேல் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் முறை என்றால் தலைமடை பாய்ந்து முடித்த பிறகு மிச்சம் கடைமடைக்கு. மிச்சம் என்று ஒன்று இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது அத்தை வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் எங்கள் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். நைனா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் தங்கச்சி புருஷன் மண்டையிலேயே போட்டார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் தையல். அத்தை எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. நைனா சாப்பிடாமல், வீட்டில் யாரிடமும் பேசாமல், கன்றுக்குட்டியைக் கூட அதட்டாமல் திரிந்தார். அப்போதுதான் ஒரு சாயங்காலம் நான் பரீட்சைக்குச் சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். குடவோலை முறை. பேர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. 'இன்னொரு வாட்டி படி' என்றார் நைனா. படித்தேன். 'மெதுவா படி' என்றார். என் படிப்பில் அவர் அக்கறை காட்டியது அன்றைக்குத்தான் என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

மறுநாளே ஊரைக் கூட்டி, தலைமடை கடைமடை எல்லாரும் ஒன்று, சீட்டு வந்தபடி தண்ணீர் என்று பேசி முடித்துவிட்டார். காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு. அம்மா குழாயடிக்குக் கொண்டுபோகிற பச்சைப் பிளாஸ்டிக் குடம்தான் குடம். அத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்தாள். அதற்குப் பிறகு மதகடியில் மண்டை எதுவும் உடையவில்லை. அந்த அளவுக்கு நல்ல ஏற்பாடு அது.

வருஷங்கள் போயின. நான் உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர் ஆனேன். அத்தை வீட்டுக்காரர் காமாலையில் போய்விட்டார். கடைமடைக் கழனியை அத்தையே தனியாளாகப் பயிர் வைத்தாள். இந்தச் சமயத்தில்தான் ரேடியோக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வந்தவரிடம் யாரோ, இன்னும் குடவோலை நடத்துகிற ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக் கார், டேப் ரெக்கார்டர், கதர் ஜிப்பாவோடு வந்து இறங்கினார். குரலுக்கு ஏற்ற உயரம் இல்லை என்பதில் ஊருக்குக் கொஞ்சம் வருத்தம்.

குடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நைனாவுக்கும் ஏரிக் கமிட்டித் தலைவருக்கும் முகம் செத்துவிட்டது. பச்சைக் குடம் கொல்லைப்பக்கம் போனது. தலைவர் வீட்டில் மகள் கல்யாணச் சீருக்கு வாங்கிய பித்தளைக் குடம் புளி போட்டுத் துலக்கி வந்தது. அதன் வயிற்றில் பெண் மாப்பிள்ளை பேர் வெட்டியிருந்ததால் அந்த இடத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டார்கள். புத்தகத்தில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே 'பழம்பெருமை வாய்ந்த குடம்' என்று எழுதியிருக்கிறது.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: இலையில் உட்கார்ந்தவரிடம் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. குழம்பு தீர்ந்துவிட்டாலும் 'இதோ வருது' என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்து வீட்டில் வாங்கியாவது வர வேண்டும். ரேடியோக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, அந்தக் குரலில் கேட்டார்: "ஐயா, இந்த வழக்கம் சோழர் காலந்தொட்டு இடையறாது வந்துகொண்டிருக்கிறது, அப்படித்தானே?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறந்தேன். நைனா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. அப்பலேர்ந்தே கீதுங்க. இன்னும் கொஞ்சம் ரசம் வுட்டுக்கங்க."

கார் புழுதி அடங்குவதற்குள் நான் சண்டைக்கு நின்றேன். 'நீ வெச்சத எதுக்கு நைனா ராஜாவுக்குத் தூக்கிக் குடுத்த?' என்று கேட்டேன். சாப்பிடுகிற மனுஷனிடம் இல்லை என்று சொல்லச் சொல்கிறாயா, உனக்கு அறிவு இருக்கிறதா என்று அவர் என்னையே திட்டினார். ரேடியோவில் பேசுவதெல்லாம் காற்றோடு போகிற சமாச்சாரம், விட்டுத்தள்ளு என்றார். அந்தக் குரல் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தன்னை 'ஐயா' என்று கூப்பிட்டதில் அவர் ஒரு வாரத்துக்குத் தரையில் நடக்கவில்லை.

காற்றோடு போகவில்லை. புத்தகமாக வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். நோட்டுப் புத்தகம், பேனா, பஞ்சாங்கம், வாரப்பத்திரிகை, கூடவே கண்ணாடிக் கூண்டு போட்ட எஸ்.டி.டி. பூத். அங்கேதான் வாங்கினேன். கொடுக்கும்போதே பாய் சிரித்தார். அவர்கள் தெருவைப் பற்றியும் அதில் எழுதியிருந்தது. சோழர் படைக்குக் குதிரை கொண்டுவந்த வணிகர்களின் வழித்தோன்றல்கள் என்று.

"எங்க தாத்தா ஆற்காட்லேர்ந்து தலைச்சுமையா வளையல் வித்துகினு வந்தவரும்மா," என்றார் பாய். "இவரு குதிர மேல ஏத்தி வுட்டுட்டாரு. நான் போய் எறக்கியா வுட முடியும்? புக்கு நல்லாப் போவுது."

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் படித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கீழே வைக்க முடியவில்லை. தென்னேரிக் கரையில் நின்று அவர் அலைச்சத்தத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். பழையசீவரம் மலைமேல் நின்று பாலாற்றைப் பார்த்து எழுதியிருந்தார். நான் எத்தனை தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருப்பேன். வெறும் மணல் என்றுதான் நினைத்திருக்கிறேன். வகுப்பில் நான் சோழர் பாடம் எடுத்தால் பின் பெஞ்சில் குறட்டை கேட்கும். இந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினேன், ஒரு பிள்ளை அசையவில்லை. வரலாறு படித்தவள் நான். பிள்ளைகளை உட்கார வைத்தவர் அவர். அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு, ஏன் மறைக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் ஊர் அத்தியாயம். 'மன்னர்கள் மறைந்தாலும் அவர்கள் வகுத்த நெறி மறையவில்லை' என்று ஆரம்பித்து, ஏரி, மதகு, குடம், குழந்தை என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தார். நைனா ஓரிடத்தில் வருகிறார். 'ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் பெருமிதத்துடன் கூறினார்.' அவ்வளவுதான். முதல் தடவை புத்தகம் பறந்தது அப்போதுதான். கல்வெட்டில் இருப்பது ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற விதி. தண்ணீர் பங்கு போடுகிற விதியே இல்லை. குடத்தில் பேர் போட வேண்டுமென்றால் வேதம் படித்திருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனை. அதன்படி பார்த்தால் அத்தை பேரை விடுங்கள், நைனா பேர், தலைவர் பேர் எதுவுமே குடத்துக்குள் போயிருக்காது. இதையெல்லாம் அத்தியாயம் சொல்லவில்லை.

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். டீக்கடையில் ஒரு பிரதியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். காலண்டர் தாள் போய், நிஜமான பனை ஓலை நறுக்கு வந்தது. சீட்டு எடுக்கிற நாளில் தலைவர் தலைப்பாகை கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். குலுக்குவதற்கு முன்னால் சோழனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். நைனா ஓரமாக உட்கார்ந்து அந்தத் தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார். அவருக்கும் உள்ளுக்குள் குஷிதான் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. தை மாதம் நட்ட நவரை நெல் பால் பிடிக்கிற சமயத்தில் ஏரித் தண்ணீர் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போதுதான் நைனா தன் குடத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். ஒரே குடத்தில் எல்லாச் சீட்டும் கிடந்தால், கடைமடைச் சீட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நிறைந்த வருஷத்தில் பரவாயில்லை. காய்ந்த வருஷத்தில், ஏரியில் தண்ணீர் கொஞ்சம் உயரமாக நின்று வேகமாகத் தள்ளுகிற போதே கடைமடைக்கு விட்டால்தான் அவ்வளவு தூரம் போய்ச் சேரும். தாமதித்தால் கால்வாயே குடித்துவிடும். தலைமடைக்கு எப்போது விட்டாலும் ஏறும். அதனால் இரண்டு குடம் வைக்க வேண்டும், கடைமடைக் குடத்தை முதலில் குலுக்கி அவர்கள் பாய்ச்சிய பிறகு தலைமடைக் குடம் என்று நைனா யோசித்தார். அவருடைய நிலமே தலைமடைதான். அவருக்கு இதில் நஷ்டம்தான். அந்த வருஷம் அத்தைக்கு அந்தக் கழனியை விட்டால் வேறு எதுவும் இல்லை. அது கருகினால் அடுத்த போகம் வரை அவள் யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டும். அவள் நிற்கிற ரகமும் இல்லை.

பால் சொசைட்டி வாசலில் கூட்டம். நானும் போயிருந்தேன். நைனா எழுந்து இரண்டு குடம் விஷயத்தைச் சொன்னார். சாமி சிலைக்கு இன்னொரு தலை வைக்கலாம் என்று சொன்ன மாதிரி எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"இன்னா மாமா நீ," என்றார் தலைவர். "ஆயிரம் வருசமா கீற வழக்கத்த நீ மாத்துவியா? புக்குல ஒரு கொடம்தான போட்டுகீது."

"அந்தக் கொடத்த வெச்சதே நான்தான்டா," என்றார் நைனா.

சிரித்தார்கள். அவர் குடம் வைத்த நாளில் கூட இருந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். நடுவில் விட்டுப்போயிருந்த வழக்கத்தை உங்கள் நைனா திரும்ப ஆரம்பித்தார், அவ்வளவுதான் என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள், நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தது அழிந்து, அச்சில் வந்தது உட்கார்ந்துவிட்டது. யாரோ டீக்கடைப் புத்தகத்தைக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு வந்து 'பெருமிதத்துடன் கூறினார்' என்ற வரியை வாசித்தார்கள். "அந்தப் பெரியவரு நீதான மாமா?" என்று கேட்டார் தலைவர். நைனாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான் எழுந்து கல்வெட்டில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை, நான் வரலாறு படித்தவள், எனக்குத் தெரியும் என்றேன்.

"டீச்சரம்மா, நீங்க ரேடியோவுல பேசறதில்லியே," என்றார் தலைவர், மரியாதையாகவே.

கூட்டம் கலைந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே குடத்தில் சீட்டு எடுப்பது என்று முடிவு. சாயங்காலம் அத்தை வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"எம் புருசன் மண்டைய ஒடச்சிட்டு நீ வெச்ச கொடம் அது. அவுரு ரத்தத்துக்கு நீ செஞ்ச நாயம். அதயும் ஒரு ராஜாவுக்குக் குடுத்துட்டு குந்திகினு கீற. எம் பயிரு காயட்டும், வுடு."

நைனா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அவரை அப்படிப் பார்த்ததில்லை நான். அத்தை மேல் கோபம் வந்தது, ரேடியோக்காரர் மேல் வந்தது, ஊர் மேல் வந்தது. எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்க்கிறேன், பாய் கடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நைனா நிற்கிறார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'ஒரு சேதி வுட்டுப்போச்சுங்க, நேர்ல வந்தாதான் சொல்ல முடியும், வூட்லயே சாப்பாடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். புத்தகம் விற்றுத் தீர்ந்து, விரிவாக்கிய புதுப் பதிப்பு தயாராகிறது, இந்த நேரத்தில் புதுச் சேதி என்றால் அவர் பறந்து வருவார் என்பதை நைனாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே பாய்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

வெளியே வந்த நைனாவிடம், பொய் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன்.

"மொதல் பொய் அவுருது. நான் தலயாட்டினேன்," என்றார். "இது என்னுது. அவுரு தலயாட்டட்டும்."

ரேடியோக்காரர் வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். நடப்பது என்ன என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நைனா அவசரப்படவே இல்லை. சாம்பார் ஆனது, ரசம் ஆனது, மோர் ஆனது. பாயசம் இலையில் விழுந்து, விருந்தாளி கையை வைத்த பிறகுதான் ஆரம்பித்தார். காய்கிற வருஷத்தில் குடம் இரண்டு வைப்பார்களாம், கடைமடைக்கு முதல் குடமாம், ராஜாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம், பாட்டன் பூட்டன் சொல்லக் கேள்வியாம். நடுவில் ஊரார் மறந்துவிட்டார்களாம்.

ரேடியோக்காரர் கண்கள் விரிந்தன. பாயசத்தை மறந்துவிட்டார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"தாங்கள் வரலாற்று ஆசிரியை அல்லவா? கல்வெட்டில் இதற்குக் குறிப்பு ஏதேனும் உண்டா?"

இலைக்கு முன்னால் நான் வாளியோடு நிற்கிறேன். இல்லை என்று சொல்லக் கூடாத வீடு. உண்டு என்று சொன்னால் நான் படித்த படிப்புக்கு அர்த்தம் இல்லை. நைனா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் பாயசம் வைக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, 'அற்புதம், அற்புதம்' என்று சொல்லிக்கொண்டே டேப் ரெக்கார்டரை அமுக்கினார்.

சனிக்கிழமை காலை ரேடியோவில் வந்துவிட்டது. நான் உத்திரமேரூரிலிருந்து கேட்டேன். இரண்டு குடங்கள், கடைக்கோடி உழவனை முதலில் நினைத்த பேரரசு, இப்படிப்பட்ட நுண்ணறிவு இக்காலத்தவர்க்கு வாய்க்குமோ என்று அந்தக் குரல் தழுதழுத்தது. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானமே தலைவர் நைனாவைத் தேடி வந்து, ராஜா காலத்து முறையை நாம் தப்பாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம் மாமா, உனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே விவரமாகச் சொல்லக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கல். பித்தளைக் குடம் ஊரில் ஒன்றுதான் பொதுவுக்கு வரும். இன்னொன்று கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் எங்கள் கொல்லையிலிருந்து பச்சைப் பிளாஸ்டிக் குடம் வந்தது. வாய் ஒரு பக்கம் கீறியிருந்தது. மஞ்சள் துணியைச் சுற்றி, அதைத்தான் கடைமடைக் குடமாக வைத்தார்கள். தலைவர் சோழனுக்குத் தேங்காய் உடைத்து, நன்றி சொல்லி நீளமாகப் பேசினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"போதும், ராஜாவுக்கு எவ்ளோ சொல்லுவ," என்றாள். "அந்த ராஜா பனியன் போட்டுகினு பின்னால குந்திகினு கீறாரு பாரு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் சீட்டு பச்சைக் குடத்தில் நடுவாக்கில் வந்தது. தண்ணீர் போய்ச் சேர்ந்தது. கால்வாய் ஓரமாகவே அது கூட நடந்து போனாளாம், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. அந்த வருஷம் தலைமடையில் எங்களுக்குப் பாதி நெல்தான். அத்தைக்கு முழுசாகத் தேறியது.

புதுப் பதிப்பின் வெளியீட்டு விழா காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'இரண்டு குடங்கள்' என்று மாறியிருந்தது. கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அந்த வரிசையில் நிற்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன். மேசைக்குப் போனதும் உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும். இது ராஜா இல்லை சார், இவர்தான், என் பக்கத்தில் நிற்கிற இந்த மனுஷன்தான் என்று. முதல் குடமும் இவர், இரண்டாவது குடமும் இவர். நைனாவிடம் சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"வாய மூடிகினு வா," என்றார். "நான் வெச்சதுன்னு தெரிஞ்சா நாளைக்கே ஒரு கொடத்த எடுத்துடுவானுங்க. ராஜா வெச்சதுன்னாதான் எவனும் கை வெக்க மாட்டான். தண்ணி அவளுக்குப் போவணுமா, எம் பேரு புக்குல வரணுமா, நீயே சொல்லு."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால்தான் அழுகை வந்தது.

மேசைக்கு வந்தோம். ரேடியோக்காரர் நைனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றே விட்டார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. "ஐயா, தங்கள் வீட்டில் உண்டும் தங்கள் பெயரைக் கேட்காமல் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்," என்றார். அடுத்த பதிப்பில் பெயரோடு போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கள் ஐயா, தங்கள் பெயர்?"

நைனா கொஞ்ச நேரம் அந்தப் பேனா முனையையே பார்த்தார். தற்பெருமை பிடித்த மனுஷர் என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

"என் பேரு வேணாங்க," என்றார். "என் தங்கச்சி பேரு போட்டுக் குடுங்க. அவ கடமட."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அவள் பேரும் அந்தக் கையெழுத்தும் போட்ட புத்தகம், அவள் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. இரண்டாவது தடவை எறிந்தது அதைத்தான். நைனா போன அன்று சாயங்காலம். தலைவர் மாலையோடு வந்து, சோழர் வழக்கத்தைக் கட்டிக் காத்த பெரியவர் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போன பிறகு.

ஏரி வற்றுகிற வருஷத்தில் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு குடம் வைக்கிறார்கள். கடைமடைக்கு முதலில். அதனால்தான் இதில் நான் நைனா பேரையும் எழுதவில்லை, ஊர் பேரையும் எழுதவில்லை. சாலவாக்கம் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் கழனியை இப்போது அவள் பேரன் பயிர் வைக்கிறான்.